லாக்ல ஒண்ணுமே இல்ல, ஆனா ரெக்கார்டு காணோம்: டெலீட்ட எங்க நின்னு பிடிக்கறது?

உங்க பிரச்சனைய நான் புரிஞ்சுக்கிட்டத மொதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. மைஎஸ்கியூஎல் 8 டேட்டாபேஸ், ரெண்டு டேபிள், ஒண்ணு பில், இன்னொண்ணு அந்த பில்லோட ஐட்டம் வரிகள். அப்பப்போ ஏதோ ஒரு பில்லோட ஐட்டம் வரி மட்டும் மொத்தமா காணாம போயிடுது, பில் மட்டும் அப்படியே இருக்கு. அப்ளிகேஷன் கோட்ல டெலீட் பண்ற எல்லா எடத்துலயும் லாக் எழுதி வச்சிருக்கீங்க, அந்த லாக்ல இந்த பில் நம்பர் வரவே இல்ல. யாரோ நேரா டேட்டாபேஸ்க்குள்ள போயி அழிக்கறாங்கன்னு சந்தேகம், அதனால எது டெலீட் ஆனாலும் யாரு, எப்போன்னு பதிவாகணும். ஏற்கனவே போன ரெக்கார்ட திரும்ப எடுக்க முடியுமான்னும் கேட்டிருந்தீங்க.

அதுக்கு வழி இருக்கு, சொல்றேன். ஆனா ஆளுங்க மேல சந்தேகப்படறத ஒரு அரைமணி நேரம் தள்ளி வைங்க. பேரன்ட் (பில்) இருக்கு, சைல்ட் (ஐட்டம் வரி) மட்டும் மொத்தமா போச்சு, டெலீட் லாக்ல ஒண்ணும் இல்ல, இந்த மூணும் சேர்ந்து வந்தா நான் மொதல்ல தேடறது ரீப்ளேஸ் இன்டூன்னு ஒரு வரி கோட்ல எங்கயாவது இருக்கான்னுதான். பேர பாத்தா அப்டேட் மாதிரி தெரியும், நிறைய பேர் அப்படி நெனச்சுத்தான் எழுதறாங்க. உள்ள நடக்கறது வேற. அதே ப்ரைமரி கீயோ யூனிக் கீயோ (ஒரு டேபிள்ல ரெண்டு தடவ வர முடியாத அடையாள மதிப்பு) இருக்கற பழைய ரோவ டெலீட் பண்ணிட்டு புதுசா ஒரு ரோவ இன்சர்ட் பண்ணும். பில் டேபிள்ல பழைய ரோ டெலீட் ஆகற அந்த நொடியில, ஐட்டம் டேபிளோட ஃபாரின் கீல (ஐட்டம பில்லோட இணைக்கற கண்ணி) ஆன் டெலீட் கேஸ்கேட்னு (பில் போனா ஐட்டமும் போகட்டும்ங்கற விதி) போட்டிருந்தா ஐட்டம் வரி எல்லாம் கூடவே போயிடும். அடுத்த நொடி பில் ரோ திரும்ப வந்துடும், ஐட்டம் வராது. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு பில் அசையவே இல்லாத மாதிரி இருக்கும்.

இத உறுதி பண்ண ரொம்ப மெனக்கெட வேண்டாம். பில் டேபிள்ல உருவான நேரம்னு ஒரு காலம் (column, டேபிளோட நெடுவரிசை) இருந்து, அதுக்கு டிஃபால்ட்டா இப்போதைய நேரம் போற மாதிரி வச்சிருந்தீங்கன்னா, ஐட்டம் தொலைஞ்ச பில்லுல அந்த நேரத்த பாருங்க. போன மாசம் போட்ட பில்லுக்கு நேத்து மத்தியானம் உருவான நேரம் காட்டுச்சுன்னா வேற சாட்சியே வேணாம், ரீப்ளேஸ்ல குடுக்காத காலம் எல்லாம் டிஃபால்ட்டுக்கு போயிடும். பில் நம்பர்தான் யூனிக் கீ, ஐடி தனியா ஆட்டோ இன்க்ரிமென்ட்னு இருந்தா ஐடியே புது நம்பரா மாறியிருக்கும். இன்னொரு அடையாளமும் இருக்கு, ஒரு ரோவ மாத்தின ரீப்ளேஸ் பாதிக்கப்பட்ட ரோ 2ன்னு பதில் குடுக்கும், டெலீட் ஒண்ணு இன்சர்ட் ஒண்ணு.

எந்தெந்த டேபிள்ல கேஸ்கேட் இருக்குன்னு தெரியலன்னா இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவுல (டேட்டாபேஸ் தன்னோட டேபிள் அமைப்ப பத்தி வச்சிருக்கற பகுதி) ரெஃபரென்ஷியல் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்னு ஒரு டேபிள் இருக்கு, அதுல டெலீட் ரூல் காலத்த பாத்தா மொத்த லிஸ்ட்டும் வந்துடும். டெஸ்ட் சர்வர்ல அந்த கேஸ்கேட்ட எடுத்துட்டு ரெஸ்ட்ரிக்ட்னு (ஐட்டம் இருந்தா பில்ல அழிக்க விடாத விதி) மாத்தி விட்டு அப்ளிகேஷன ஓட்டுங்க. எந்த கோட் பில்ல ரீப்ளேஸ் பண்ணுதோ அது 1451 எரர் அடிச்சு தானா நிக்கும், நீங்க தேடவே வேணாம். அப்புறம் அத இன்சர்ட், ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்னு மாத்திக்கலாம், அது பழைய ரோவ அழிக்காம அப்டேட் மட்டும் பண்ணும்.

சரி, அது இல்லாமலும் இருக்கலாம், இல்ல அது சரியாகிட்டாலும் டெலீட் லாக் வேணும்னு நீங்க கேக்கறது நியாயம்தான், அதுக்கு வருவோம்.

அப்ளிகேஷன்ல எழுதற லாக் ஏன் போதாதுன்னா, அது தன் கண்ணு முன்னாடி நடக்கறத மட்டும்தான் பாக்கும். ஒரு ரோ வெளிய போக எத்தன வாசல் இருக்குன்னு எண்ணி பாருங்க, அப்ளிகேஷன் ஒண்ணு, ராத்திரி ஓடற க்ளீனிங் ஜாப் ஒண்ணு, டெவலப்பர் கையில இருக்கற வொர்க்பென்ச் (டேட்டாபேஸ்ல நேரா வேலை பாக்கற டூல்) ஒண்ணு, இம்போர்ட் ஸ்கிரிப்ட், கேஸ்கேட், ரீப்ளேஸ், ட்ரங்கேட் (டேபிள மொத்தமா காலி பண்ற கட்டளை). நீங்க மொத வாசல்ல மட்டும் வாட்ச்மேன் போட்டிருக்கீங்க. இதவிட மோசம், அப்ளிகேஷன் லாக் பொய்யும் சொல்லும். அழிச்சாச்சுன்னு ஃபைல்ல எழுதின பிறகு ட்ரான்சாக்ஷன் (ஒண்ணா நடக்கணும், இல்ல எதுவுமே நடக்கக் கூடாதுங்கற வேலைத் தொகுப்பு) ரோல்பேக் ஆச்சுன்னா, அதாவது ரத்தாச்சுன்னா, ரோ உயிரோட இருக்கும், லாக்ல செத்திருக்கும்.

அதனால லாக் டேட்டாபேஸ்க்குள்ளயே, அதே ட்ரான்சாக்ஷன்லயே எழுதப்படணும். ட்ரிகர், அதாவது டேபிள்ல ஏதாவது மாறினா டேட்டாபேஸ் தானா ஓட்டற குட்டி கோட், அதைத்தான் பண்ணுது. டெலீட் கமிட் (உறுதி) ஆனா லாக்கும் கமிட், ரோல்பேக் ஆனா லாக்கும் ரோல்பேக். டெலீட் பண்ண முயற்சி பண்ணாங்க ஆனா நடக்கல, அதுவும் தெரியணும்னா அது வேற தேவை, அதுக்கு ஆடிட் ப்ளக்இன் மாதிரி எதாவது வேணும், ட்ரிகர்கிட்ட அத எதிர்பாக்காதீங்க.

மைஎஸ்கியூஎல்ல ஆஃப்டர் டெலீட் ட்ரிகர் ஒவ்வொரு ரோவுக்கும் தனித்தனியா ஓடும், அழிஞ்ச ரோவோட மதிப்பெல்லாம் ஓல்ட்ங்கற பேர்ல கிடைக்கும். லாக் டேபிள ஒவ்வொரு டேபிளுக்கும் ஜெராக்ஸ் மாதிரி தனித்தனியா வைக்கலாம், இல்ல எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு வச்சு அழிஞ்ச ரோவ ஜேசான்ல (பேரும் மதிப்பும் ஜோடியா எழுதற வடிவம்) போடலாம். நான் ரெண்டாவது கட்சி. ஜெராக்ஸ் டேபிள்ல என்ன ஆகும்னா, யாராவது அசல் டேபிள்ல ஒரு காலத்தோட டைப்பயோ நீளத்தயோ மாத்துவாங்க, ஜெராக்ஸ்ல மாத்த மறந்துடுவாங்க, ட்ரிகர் எரர் அடிக்கும், ட்ரிகர் எரர் அடிச்சா டெலீட்டும் நடக்காது, கடைசில ட்ரிகர் போட்ட ஆளுக்குத்தான் ஃபோன் வரும். ஜேசான்லயும் ஒரு குறை இருக்கு, மைஎஸ்கியூஎல்ல ஓல்ட மொத்தமா தூக்கி ஜேசான் ஆக்க முடியாது, ஜேசான் ஆப்ஜெக்ட் ஃபங்ஷன்ல ஒவ்வொரு காலம் பேரையும் நீங்களே எழுதணும். புது காலம் சேத்தா ட்ரிகர்லயும் சேக்கணும், மறந்தா எரர் வராது, அந்த காலம் மட்டும் லாக்ல இருக்காது. ஸ்கீமாவ (டேபிள் அமைப்ப) படிச்சு ட்ரிகர தானா எழுதற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வச்சுக்கோங்க, ஒவ்வொரு மைக்ரேஷன் (அந்த அமைப்ப மாத்தற வேலை) முடிஞ்சதும் அது ஓடட்டும். பாஸ்வேர்ட் ஹாஷ், ஃபோட்டோ மாதிரி பெரிய ப்ளாப் காலம் இதெல்லாம் ஜேசான்ல போக வேணாம்.

லாக்ல ஒரு ரோ எப்படி இருக்கணும்னு ஒரு மாதிரி காட்டறேன்:

டேபிள்: பில் ஐட்டம். கீ: 48213. நேரம்: 14:07:31.204518, யூடிசி. டேட்டாபேஸ் லாகின்: ஆப் யூசர். கனெக்ஷன் நம்பர்: 9127. அப்ளிகேஷன் ஆள்: 56. ரிக்வெஸ்ட் நம்பர்: 7ஃப3 அப்படின்னு ஆரம்பிக்கற ஒரு நீளமான குறி. பழைய ரோ: ஜேசான்.

இதுல ரிக்வெஸ்ட் நம்பர் எதுக்குன்னு தோணும். ஒரே க்ளிக்ல 40 ரோ போச்சுன்னா லாக்ல 40 வரி வரும், அந்த 40ம் ஒரே செயல்னு சொல்ல ஒரு கயிறு வேணும், இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு அத திரும்ப வைக்கறப்போ எது எதோட சேந்ததுன்னு தெரியாம தலைய பிச்சுக்கணும். நேரம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குன்னு சேத்துக்கலாம்னு நெனைக்காதீங்க, ஒரே நேரத்துல ரெண்டு பேர் அழிச்சா ரெண்டும் கலந்துடும்.

இப்போ கஷ்டமான விஷயம், யாரு. வெப் அப்ளிகேஷன்ல எல்லாரும் ஒரே டேட்டாபேஸ் லாகின்ல தான் உள்ள வராங்க, அதனால டேட்டாபேஸுக்கு தெரிஞ்ச பேர் ஒண்ணே ஒண்ணுதான். அந்த பேரையாவது சரியா எடுங்க. மைஎஸ்கியூஎல்ல கரன்ட் யூசர் ஃபங்ஷன ட்ரிகருக்குள்ள கூப்பிட்டா ட்ரிகர உருவாக்கின ஆளோட பேர் வரும், அழிச்சவர் பேர் வராது. யூசர்னு இருக்கற ஃபங்ஷன்தான் உண்மையா கனெக்ட் ஆனவர சொல்லும். போஸ்ட்கிரெஸ்ங்கற இன்னொரு டேட்டாபேஸ்லயும் இதே குழிதான், ட்ரிகர் ஃபங்ஷன செக்யூரிட்டி டிஃபைனரா (அத உருவாக்கினவர் உரிமைல ஓடற மாதிரி) போட்டா கரன்ட் யூசர் மாறிடும், செஷன் யூசர எடுக்கணும். மைக்ரோசாஃப்டோட எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ்ல ஒரிஜினல் லாகின் ஃபங்ஷன்.

அப்ளிகேஷன்ல லாகின் ஆன மனுஷன் யாருங்கறத அப்ளிகேஷன்தான் டேட்டாபேஸ்கிட்ட சொல்லணும். கனெக்ஷன் எடுத்ததும் ஒரு செஷன் வேரியபிள்ல (அந்த கனெக்ஷனோட நிக்கற ஒரு மதிப்பு) ஆள் ஐடிய போட்டுட்டா ட்ரிகர் அத படிச்சுக்கும். சிம்பிளா தெரியும், நான் இதுல வாங்கின அடிய கேளுங்க. ஒரு எடத்துல இப்படி வச்சு சில வாரம் நல்லா ஓடுச்சு. ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு ஒரு கட்டு ரெக்கார்டு அழிஞ்சுது, லாக்ல டேட்டா என்ட்ரி பண்ற ஒருத்தங்க பேர். அவங்க சாயந்தரம் 7 மணிக்கே கெளம்பிட்டாங்க. மேல இருக்கறவங்க பாஸ்வேர்ட யாருக்கு குடுத்தீங்கன்னு அவங்கள உக்கார வச்சு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, அவங்க அழுதே அழுதுட்டாங்க. நடந்தது என்னன்னா, அவங்களோட கடைசி ரிக்வெஸ்ட் முடிஞ்சதும் அந்த கனெக்ஷன் பூலுக்கு (அடுத்தவங்க எடுத்துக்க கனெக்ஷன்கள தயாரா வச்சிருக்கற எடம்) திரும்ப போச்சு, வேரியபிள் அழியல. மைஎஸ்கியூஎல்ல வெயிட் டைம்அவுட் டிஃபால்ட்டா 28800 செகண்ட், அதாவது 8 மணி நேரம், சும்மா கெடந்தாலும் கனெக்ஷன் சாகாது. ராத்திரி ஓடற ஜாப் அதே பூல்ல இருந்து அதே கனெக்ஷன எடுத்துச்சு, ஜாப் கோட் எழுதினவருக்கு வேரியபிள செட் பண்ணணும்னே தெரியாது. அழிச்சது ஜாப், பேர் அவங்களோடது. லாக் இல்லாம இருந்திருந்தா கூட அன்னிக்கு இவ்வளவு பிரச்சனை வந்திருக்காது.

அதனால கனெக்ஷன பூல்ல இருந்து எடுக்கற ஒவ்வொரு தடவையும் வேரியபிள எழுதுங்க, ஆள் இல்லன்னா நல் (null, மதிப்பு இல்ல)னு எழுதுங்க, ஜாப்பா இருந்தா ஜாப் பேர எழுதுங்க. இத ஒவ்வொரு டெவலப்பர் ஞாபகத்துலயும் விடாம கனெக்ஷன் எடுக்கற அந்த ஒரே ஃபங்ஷன்ல வைங்க. போஸ்ட்கிரெஸ்ல இதுக்கு அழகா ஒரு வசதி இருக்கு, செட் கான்ஃபிக் ஃபங்ஷன்ல மூணாவது ஆர்கியுமென்ட்ட ட்ரூன்னு குடுத்தா அந்த ட்ரான்சாக்ஷன் முடிஞ்சதும் மதிப்பு தானா போயிடும், ஒட்டிக்கிட்டு நிக்காது. எஸ்கியூஎல் சர்வர்ல 2016ல இருந்து செஷன் கான்டெக்ஸ்ட் இருக்கு, பூல்ல இருந்து திரும்ப எடுக்கறப்போ கனெக்ஷன் ரீசெட் ஆகறதால அதுவும் சுத்தமாயிடும்.

அடுத்து, ட்ரிகர் கண்ணுல படாத வாசல்கள். உங்க கேஸுக்கு முக்கியமானது இது: மைஎஸ்கியூஎல் 8ல ஃபாரின் கீ கேஸ்கேட்ல அழியற சைல்ட் ரோவுக்கு ட்ரிகர் ஓடாது. ஐட்டம் டேபிள்ல அருமையா ட்ரிகர் எழுதி வச்சுட்டு காத்திருந்தாலும் கேஸ்கேட்ல போறது ஒண்ணுகூட பதிவாகாது. கேஸ்கேட்ட எடுத்துட்டு சைல்ட நீங்களே டெலீட் பண்ணுங்க, இல்ல பில் டேபிளோட பிஃபோர் டெலீட் ட்ரிகர்ல ஐட்டம வெளிப்படையா டெலீட் பண்ணுங்க, அப்போ ஐட்டம் ட்ரிகர் ஓடும். போஸ்ட்கிரெஸ்ல இந்த தொல்லை கெடையாது, கேஸ்கேட்ல போற ரோவுக்கும் ட்ரிகர் ஓடும்.

ட்ரங்கேட்டுக்கு மைஎஸ்கியூஎல்லயும் எஸ்கியூஎல் சர்வர்லயும் டெலீட் ட்ரிகர் ஓடாது, பார்ட்டிஷன (டேபிள பிரிச்சு வச்ச ஒரு துண்ட) ட்ராப் பண்ணாலும் அப்படித்தான். இதுக்கு லாக் எல்லாம் தேவையில்ல, உரிமைய புடுங்கிட்டா போதும். மைஎஸ்கியூஎல்ல ட்ரங்கேட் பண்ண ட்ராப் உரிமை வேணும், அப்ளிகேஷன் லாகினுக்கு அது எதுக்கு? போஸ்ட்கிரெஸ்ல ட்ரங்கேட்டுக்குன்னே தனி உரிமையும் தனி ட்ரிகரும் இருக்கு.

எஸ்கியூஎல் சர்வர் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அங்க ட்ரிகர் ஒரு ஸ்டேட்மென்ட்டுக்கு ஒருதடவதான் ஓடும், அழிஞ்ச ரோ எல்லாம் டெலீடட்ங்கற டேபிள்ல மொத்தமா வரும். அதுல இருந்து ஐடிய ஒரு வேரியபிள்ல எடுத்து இன்சர்ட் பண்ற மாதிரி எழுதின ட்ரிகர நான் எத்தனையோ எடத்துல பாத்திருக்கேன், 500 ரோ அழிஞ்சா லாக்ல 1 வரி இருக்கும். எப்பவும் டெலீடட் டேபிள்ல இருந்து செலக்ட் பண்ணி அப்படியே இன்சர்ட் பண்ணணும். போஸ்ட்கிரெஸ்ல பிஃபோர் டெலீட் ட்ரிகர் எழுதி கடைசில தப்பா நல் (null) மதிப்ப ரிட்டர்ன் பண்ணிடாதீங்க, டெலீட்டே நடக்காது, எரரும் வராது. ஆஃப்டர்ல எழுதினா இந்த வம்பே இல்ல, டு ஜேசான்பி ஓல்ட்னு ஒரே வரில மொத்த ரோவும் வந்துடும், பொறாமையா இருக்கும்.

ட்ரிகர் எழுதவே பிடிக்காதவங்க பின்லாக (நடக்கற மாற்றத்த மைஎஸ்கியூஎல் பதிவு பண்ற ஃபைல) படிச்சு டெலீட்ட பிடிக்கற வழிய சொல்வாங்க, டெபீசியம் மாதிரி டூல் அதைத்தான் பண்ணுது. டேட்டாபேஸ் மேல பாரம் கம்மி, நல்ல வழிதான். ஆனா மைஎஸ்கியூஎல் 8ல கேஸ்கேட் இன்னோடிபிக்கு (டேட்டாவ வச்சு நிர்வகிக்கற எஞ்சின்) உள்ளயே நடக்கறதால சைல்ட் டெலீட் பின்லாக்லயும் எழுதப்படாது. ரெப்ளிகா சர்வர் (நகல் சர்வர்) தானே திரும்ப கேஸ்கேட் பண்ணிக்கும். ஆக பின்லாக் படிக்கற டூலுக்கும் உங்க ஐட்டம் வரி போனது தெரியாது. இத தெரியாம டூல குறை சொல்லி நாலு நாள் வீணடிக்கறவங்க உண்டு.

ஏற்கனவே போன ரெக்கார்டு பத்தியும் கேட்டிருந்தீங்க. பின்லாக் ஆன்ல இருந்தா, மைஎஸ்கியூஎல் 8ல டிஃபால்ட் ஆயுசு 2592000 செகண்ட், 30 நாள். அதுக்குள்ள நடந்ததுன்னா அந்த ஃபைல்கள மொதல்ல வேற எடத்துக்கு காப்பி பண்ணுங்க, அப்புறம் மைஎஸ்கியூஎல்பின்லாக் டூல வெர்போஸ் போட்டு, டீகோட் ரோஸ் ஆப்ஷனோட ஓட்டுங்க. ஐட்டம் டெலீட் கிடைக்காது, ஆனா பில் டேபிள்ல அதே பில் நம்பருக்கு ஒரு டெலீட்டும் அத ஒட்டியே ஒரு இன்சர்ட்டும் தெரிஞ்சா ரீப்ளேஸ்தான்னு முடிவு. காலம் பேர் இருக்காது, 1, 2, 3ன்னு வரிசை நம்பர்தான் இருக்கும். யூசர் பேரும் இருக்காது, கனெக்ஷனோட த்ரெட் நம்பர்தான். பின்லாக் ரோஸ் க்வெரி லாக் ஈவென்ட்ஸ்ங்கற செட்டிங்க இன்னிக்கே ஆன் பண்ணி வைங்க, டிஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், ஆன் பண்ணா அழிச்ச க்வெரியே அப்படியே பின்லாக்ல கமென்ட்டா வரும். டேட்டாவ திரும்ப எடுக்க பழைய பேக்கப்ப வேற சர்வர்ல ரீஸ்டோர் பண்ணி, பின்லாக அந்த ரீப்ளேஸுக்கு முன்னாடி வரைக்கும் ஓட்டி, ஐட்டம் வரிய எடுத்துட்டு வாங்க. ஓடற சர்வர் மேலயே ரீஸ்டோர் பண்ணிடாதீங்க, பதட்டத்துல அதையும் பண்ணவங்க இருக்காங்க.

போஸ்ட்கிரெஸா இருந்தா அழிஞ்ச ரோ வேக்யூம் (செத்த ரோவ சுத்தம் பண்ற வேலை) வர்ற வரைக்கும் பெரும்பாலும் டிஸ்க்லயே கெடக்கும், அதனால மொத வேலை அந்த டேபிளுக்கு ஆட்டோவேக்யூம நிறுத்தறது. ஆரக்கிள் டேட்டாபேஸ்ல ஃப்ளாஷ்பேக் க்வெரில பழைய நேரத்த குடுத்து செலக்ட் பண்ணா பல சமயம் ரோ முழுசா வந்துடும், ஆனா அன்டூ ரிடென்ஷன் (பழைய டேட்டாவ வச்சிருக்கற நேரம்) டிஃபால்ட் 900 செகண்ட்தான், டீ குடிச்சுட்டு வந்து பாத்துக்கலாம்னு இருக்க முடியாது.

டெலீட்டே பண்ணாம அழிஞ்சுதுன்னு தனியா ஒரு காலம் (column) சேத்து அதுல குறி மட்டும் வச்சா போதாதான்னு கேப்பாங்க. வைக்கலாம், திரும்ப எடுக்க ரொம்ப சுலபம். ஆனா ஒவ்வொரு க்வெரிலயும் அந்த கண்டிஷன் வேணும், ஒரு ரிப்போர்ட்ல மறந்தாலும் செத்த பில் கூட்டுத்தொகைல வந்து உக்காந்துக்கும். யூனிக் கீயும் இடிக்கும், அழிச்ச பில் நம்பர திரும்ப போட முடியாது. முக்கியமா, குறி வைக்கறது அப்ளிகேஷனோட ஒழுக்கம், வொர்க்பென்ச்ல இருக்கறவர் நேரா டெலீட் அடிச்சா அது ஒண்ணும் பண்ணாது. என்னோட கருத்து, பில் மாதிரி கணக்கு சம்பந்தப்பட்ட டேபிளுக்கு குறியும் வைங்க, ட்ரிகரும் வைங்க, மத்ததுக்கு ட்ரிகர் மட்டும் போதும்.

லாக் டேபிளுக்கு அப்ளிகேஷன் லாகின்ல அப்டேட், டெலீட் உரிமை குடுக்கவே கூடாது. மைஎஸ்கியூஎல் ட்ரிகர் டிஃபைனரோட (உருவாக்கினவரோட) உரிமைல ஓடறதால இன்சர்ட் உரிமை கூட அப்ளிகேஷனுக்கு தேவையில்ல, அப்படியே பூட்டிடலாம். எவ்வளவு நாள் வைக்கறதுன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. மாசத்துக்கு ஒரு பார்ட்டிஷன்னு பிரிச்சா பழசு ஒரே நொடில ட்ராப் ஆகும், இல்லன்னா லாக்க அழிக்க ஒரு பெரிய டெலீட் ஓட்டி அதுவே சர்வர மூச்சு திணற வைக்கும். ஒருத்தர் என் தகவல அழிங்கன்னு கேட்டு நீங்க அழிச்சா அது ஜேசானா லாக்ல உக்காந்திருக்கும்ங்கறதையும் மறக்காதீங்க. ஐரோப்பாவோட ஜிடிபிஆர் (தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம்) 17ஆம் பிரிவு மாதிரி சட்டம் பொருந்தற எடத்துல அது நிஜமான தலைவலி. அந்த மாதிரி டேபிளுக்கு கீ, நேரம், ஆள் மட்டும் பதிவு பண்ணிட்டு உள்ளடக்கத்த விட்டுடறது நல்லது.

எல்லாம் வச்சதும் டெஸ்ட் சர்வர்ல ஒரு பொய் பில்ல போட்டு ஒவ்வொரு வாசல் வழியாவும் அனுப்பி பாருங்க, ஸ்க்ரீன்ல இருந்து ஒண்ணு, ஜாப்ல இருந்து ஒண்ணு, வொர்க்பென்ச்ல நேரா ஒண்ணு, ரீப்ளேஸ்ல ஒண்ணு, அப்புறம் ஒரு டெலீட்ட பாதில ரோல்பேக் பண்ணி. எதுக்கு லாக்ல வரி வந்துது, எதுக்கு வரல, எதுல தப்பான பேர் வந்துதுன்னு பாத்துட்டு சொல்லுங்க. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி அந்த பில்லோட உருவான நேரத்த பாருங்க, அது மாறியிருந்துதுன்னா ரீப்ளேஸ் எழுதியிருக்கற அந்த கோட் வரிய இங்க போடுங்க, எப்படி மாத்தறதுன்னு சேந்தே பாத்துடலாம்.